வீடில்லாதவருக்கு அடையாள ஆவணம் எடுத்துக் கொடுப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழு வழிகாட்டி

கன்னியாகுமரி ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அசாமின் திப்ருகரில் இருந்து கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸும், வடக்கே கத்ராவில் இருந்து வரும் ஹிம்சாகரும் இங்கே வந்துதான் நிற்கும். டிக்கெட் இருந்தோ இல்லாமலோ ஏறி உட்கார்ந்தவர், எங்கே இறங்குவது என்று தெரியாதவர், வீட்டை விட்டு வந்தவர், வீட்டார் ஏற்றிவிட்டுப் போனவர் எனப் பலரும் இந்த ஊரில் இறங்குகிறார்கள். ஆனால் குமரி மாவட்டத்துத் தெருவில் படுத்திருப்பவர்கள் எல்லாம் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். வடசேரி பஸ் ஸ்டாண்டிலும், கோட்டாறு பக்கத்துக் கடைத்திண்ணைகளிலும், மார்த்தாண்டம் பாலத்தின் அடியிலும் நம் ஊர்க்காரர்களே பாதிக்கு மேல் இருப்பார்கள் என்பதுதான் பேசிப் பார்த்ததில் எனக்குப் பட்டது. சொத்துத் தகராறு, குடி, மனநோய், பிள்ளைகள் கைவிட்டது, கேரளத்தில் வேலைக்குப் போய் உடம்பு கெட்டுத் திரும்பியது என்று ஆளுக்கொரு கதை.

இவர்களுக்கு உதவப் போகிறவர் பெரும்பாலும் நேரே ஆதார் மையத்தில் போய் நிற்பார். "அட்ரஸ் புரூஃப் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியதும் சோர்ந்து போவார். என் கருத்து வேறு. மனிதர் ஏற்கெனவே எங்கோ ஒரு ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறார். பள்ளிக்கூடப் பதிவேடு, கிறிஸ்தவ சபைப் பதிவு, பழைய ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி சீட்டு என்று ஏதோ ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுத்த பிறகு மற்ற வேலைகளைத் தொடங்கினால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதல் படி: பேச்சு

ஃபார்மோடு போய் நிற்காதீர்கள். கையில் பேப்பரைக் கண்டால் பலர் எழுந்து போய்விடுவார்கள். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கி வீட்டை இழந்தவர்கள் அவர்களில் உண்டு. டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் சும்மா பேசுங்கள். ஆவணம் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குடும்பத்துக்குத் தெரியக் கூடாது என்று ஒளிந்திருக்கும் பெண்ணுக்கு, அட்டை எடுக்கும் வேலையே ஆபத்தாகிவிடலாம்.

கேள்வியை எப்படிப் போடுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. "உங்க அட்ரஸ் என்ன" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும். வடசேரியில் ஒரு பெரியவரிடம் நடந்த பேச்சு இது:

"பாட்டா, எந்த ஊரு?"

"ஊரெல்லாம் ஒண்ணும் இல்ல மக்ளே."

"சின்னதுல எங்க படிச்சிய?"

"அஞ்சு வரைக்கும் படிச்சேன். கோயிலுக்கு அடுத்தாப்புல பள்ளிக்கூடம். பின்னால ஒரு குளம் உண்டு."

கோயில் என்று அவர் சொன்னது மாதா கோயிலை. பள்ளி, குளம், கோயில் மூன்றும் சேர்ந்து இருக்கும் இடம் எது என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் ஊர் கிடைத்துவிடும். குமரியில் வீட்டுப் பெயர், 'விளை' என்று முடியும் ஊர்ப்பெயர், எந்தச் சபை, எந்தச் சந்தைக்குப் போவார்கள், எந்த பஸ் வரும் என்பதெல்லாம் முகவரிதான். மனைவி பிறந்த ஊரையும் கேட்டு வையுங்கள். ஆணுக்கு அடைத்த கதவு பல நேரம் மச்சினன் வீட்டில் திறக்கும்.

ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியவை: பெயர் (அவர் சொல்வதுபோல, வீட்டில் கூப்பிடும் பெயரோடு), அப்பா அம்மா பெயர், தோராய வயது, படித்த பள்ளி, வேலை பார்த்த இடங்கள், முன்பு ஓட்டுப் போட்ட பூத், ரேஷன் வாங்கிய கடை. வயது தெரியாதவரிடம், குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பிறந்திருந்தாரா, சுனாமி வந்தபோது பிள்ளைகள் எவ்வளவு பெரிசு என்று கேட்டுப் பாருங்கள். முதலாவது 1956 நவம்பர் 1, இரண்டாவது 2004 டிசம்பர் 26. இரண்டும் இங்கே யாரும் மறக்காத நாட்கள்.

இரண்டாம் படி: ஏற்கெனவே ஆதார் இருக்கிறதா?

இதைப் பார்க்காமல் புதுப் பதிவுக்குப் போகவே கூடாது. பெரியவர்களில் பலருக்கு எப்போதோ எடுத்த ஆதார் இருக்கும். அட்டைதான் தொலைந்திருக்கும். இருக்கிறவருக்கு மறுபடியும் பதிந்தால் கைரேகையும் கருவிழியும் பழைய பதிவோடு ஒத்துப்போய் நிராகரிப்பு வரும். பல வாரம் வீண்.

1947 என்ற ஆதார் உதவி எண்ணுக்கு அழைத்துப் பெயர், பிறந்த வருடம், பின்கோடு முதலிய விவரங்களைச் சொன்னால் பதிவு எண்ணைத் தேடித் தருவார்கள். இது கட்டணமில்லாத எண், தமிழிலும் பேசலாம். அதில் கிடைக்காவிட்டால் அவரையே மையத்துக்கு அழைத்துப் போங்கள். பெயர், பாலினம், மாவட்டம் அல்லது பின்கோடு கொடுத்துக் கைரேகை வைத்தால் தேடி எடுத்து அச்சிட்டுத் தருவார்கள். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. பெயரின் எழுத்து மாறியிருந்தால் கிடைக்காது. செல்வராஜ், செல்வராஜன், செல்லையன் என்று எல்லா வடிவிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேட்டர் அவசரப்படுத்துவார், நீங்கள் பொறுமையாக நில்லுங்கள்.

இன்னொரு விஷயம். மனநலம் குன்றி, பேரே சொல்லத் தெரியாமல் காப்பகத்தில் இருந்தவர்களுக்கு ஆதார் பதியப்போய், "ஏற்கெனவே இருக்கிறது" என்று நிராகரிப்பு வந்து, அந்தப் பழைய பதிவின் வழியே வீடு கண்டுபிடித்த சம்பவங்கள் நாட்டில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. ஆகவே நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்தால் கிழித்தெறியாதீர்கள். அதுவும் ஒரு துப்பு.

மூன்றாம் படி: பழைய ஏடுகள்

பள்ளிதான் முதல் இடம். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் பெயரும் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும். பிறந்த தேதி, தகப்பன் பெயர், ஊர், அங்க அடையாளம் எல்லாம் அதில் உண்டு. தலைமையாசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பதிவுத்தாளோ டி.சி. நகலோ கேளுங்கள். குமரியில் பழைய பள்ளிகள் பல சபைகள் நடத்துபவை. பள்ளி மூடியிருந்தால் அதை நடத்திய சபை அலுவலகத்திலோ வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ ஏடு எங்கே போனது என்று விசாரிக்கலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் வயதானவர்களின் ஏடு மலையாளத்தில் இருக்கும். திருவிதாங்கூர் காலத்துப் பதிவு அது. ஊரில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது அகப்படுவார், அவரைக் கூட்டிப் போங்கள்.

அடுத்தது ஞானஸ்நானப் பதிவு. கத்தோலிக்கப் பங்கோ, சி.எஸ்.ஐ. சபையோ, சால்வேஷன் ஆர்மியோ, இந்த மாவட்டத்தில் பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். இந்தச் சீட்டை வைத்து ஆதார் எடுத்துவிட முடியாது. ஆனால் தகப்பன் தாய் பெயரின் சரியான எழுத்தும், பிறந்த நாளும், சொந்தக்காரர் யார் என்பதும் அதில் கிடைக்கும். பங்குத்தந்தை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு ஆளிடம் கேட்டார் என்றால் தாலுகா ஆபீஸில் ஒரு மாதம் அலைந்து கிடைக்காத தகவல் கிடைக்கும். முஸ்லிம்களுக்கு ஜமாஅத்தின் திருமணப் பதிவு இதே வேலையைச் செய்யும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எப்போதாவது உள்நோயாளியாக இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் பெயரும் வயதும் இருக்கும். சான்றாக அதற்கு மதிப்பு குறைவு, ஆனால் இந்த ஆள் இந்த ஊரில் இத்தனை காலமாக இருக்கிறார் என்று காட்ட உதவும்.

கிடைத்த பேப்பர்களில் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தால், எது முதலில் அரசு ஏட்டில் ஏறியதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். பெயரை இரண்டு முறை. பள்ளி ஏட்டைத் தேடாமல் தோராய வயது போட்டுவிட்டு, முதியோர் பென்ஷனுக்குப் போகும்போது இரண்டு வயது குறைவாக இருக்கிறது என்று தலையில் கை வைப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

நான்காம் படி: முகவரி என்ற முட்டுக்கட்டை

2016 ஆதார் சட்டத்தின் 5-வது பிரிவு, நிரந்தர வீடு இல்லாதவர்களுக்கும் ஆதார் வழங்க ஆணையம் சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. "வீடு இல்லன்னா ஆதார் இல்ல" என்று கவுண்டரில் யாராவது சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், மெதுவாகச் சொன்னால் போதும்.

நடைமுறையில் கைகொடுப்பது ஆதார் ஆணையத்தின் நிலையான சான்றிதழ் படிவம். ஏ4 தாளில் ஒரே பக்கம். அதில் ஆளின் போட்டோவை ஒட்டி, அத்தாட்சி கொடுப்பவர் போட்டோவிலும் தாளிலும் படும்படி கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். எம்.எல்.ஏ., எம்.பி., மாமன்ற உறுப்பினர், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, வட்டாட்சியர், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் போன்றோர் கொடுக்கலாம். தேதியிட்ட நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும். எந்தச் சான்று எதற்குச் செல்லும் என்ற பட்டியல் அவ்வப்போது மாறும். மையத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலை முந்தின வாரமே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அதன்படி சான்று வாங்குங்கள்.

இவர்களில் நடப்புக்கு எளிது காப்பகப் பொறுப்பாளர்தான். நகரங்களில் வீடற்றோருக்கான தங்கும் இல்லங்கள் நடக்கின்றன. நாகர்கோவில் மாநகராட்சி அலுவலகத்தில் விசாரித்து, இல்லத்தில் அவரைச் சேர்த்தால் சான்றும் கிடைக்கும், தபால் வருவதற்கு ஒரு முகவரியும் கிடைக்கும். தங்க மனமில்லாதவர் என்றால் அவர் படுத்துக் கிடக்கும் வார்டின் உறுப்பினரைப் பாருங்கள். தினமும் அவரைக் கண்ணால் பார்ப்பவர் என்பதால் தயக்கம் குறைவு. கூடவே ஒரு கடைக்காரரைக் கூட்டிப் போய், "அண்ணாச்சி, நாலு வருசமா நம்ம கடை முன்னாலதான் கிடக்காரு" என்று சொல்ல வைத்தால் இன்னும் நல்லது.

முகவரியாக உங்கள் வீட்டைக் கொடுப்பது வேண்டாம் என்பேன். இரக்கத்தில் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டில் பேச்சு வந்து அவரை மாற்றச் சொல்வது இரட்டை வேலை.

ஐந்தாம் படி: மையத்தில் அந்த நாள்

புதுப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். தாலுகா அலுவலகங்களிலும் சில தபால் நிலையங்களிலும் வங்கிகளிலும் நிரந்தர மையங்கள் உண்டு. ஆனால் 18 வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதுப் பதிவை எல்லா மையமும் எடுப்பதில்லை. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பெரியவரின் புதுப் பதிவு மாநில அரசின் சரிபார்ப்புக்கும் போகும் என்பதால் 180 நாள் வரை ஆகலாம். இதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். "அடுத்த வாரம் வந்துரும்" என்று ஆசை காட்டினால் பிறகு உங்கள் முகத்தில் அவர் விழிக்க மாட்டார்.

கைரேகைதான் குமரியில் தனிப் பிரச்சினை. இங்கே முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தவர்கள் ஏராளம். முந்திரித் தோட்டின் எண்ணெய் விரல் தோலை அரித்து, ரேகையையே தின்றுவிடும். ரப்பர் பால் வெட்டியவர், கயிறு திரித்தவர், வலை இழுத்தவர் கைகளும் அப்படித்தான். ஒரு அக்காவின் பத்து விரலையும் ஆபரேட்டர் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், திரையில் வெறும் சாம்பல் திட்டுதான் வந்தது. "வெத்துக் கையில ரேகை ஏது" என்று அந்த அக்காவே சிரித்தார். கருவிழிப் பதிவு சரியாக வந்ததால் வேலை நடந்தது. முந்தைய ஒரு வாரம் இரவில் தேங்காயெண்ணெய் தேய்த்துக் காலையில் சோப்புப் போட்டுக் கழுவி வந்தால் கொஞ்சம் தேறும். விரலே இல்லாதவருக்கும் கண்ணில் பூ விழுந்தவருக்கும் விதிவிலக்குப் பதிவு உண்டு. அந்த வசதியைக் கேட்டு வாங்க வேண்டியது கூடப் போகிறவர் பொறுப்பு.

செல்போன் எண் கட்டாயமில்லை. அவரிடம் போன் இல்லை என்று உங்கள் எண்ணைப் போடாதீர்கள். நாளை அவர் பென்ஷன், வங்கி எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் உங்கள் கைக்கு வரும். நீங்கள் நல்லவர்தான், ஆனால் அந்த அதிகாரம் யார் கையிலும் இருக்கக் கூடாது.

ஒப்புகைச் சீட்டில் பதிவு எண், தேதி, நேரம் மூன்றும் உண்டு. அங்கேயே திரையில் பெயரின் எழுத்தைச் சரிபார்த்துவிட்டு, சீட்டைப் போட்டோ எடுத்து, காப்பகத்தில் ஒரு நகல் வையுங்கள்.

ஆறாம் படி: வாக்காளர் பட்டியல்

பலருக்கும் தெரியாத நல்ல வழி இதுதான். வீடில்லாதவர், புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல், தான் தூங்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்கு வந்து, அவர் அங்கே தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு இரவோடு நிறுத்தாமல் ஒன்றுக்கு மேற்பட்ட இரவு வர வேண்டும். பார்த்து உறுதியானால் வசிப்பிடத்துக்கு ஆவணச் சான்று தேவையில்லை. இது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தையும் இடமாக எழுதலாம், அடையாளத்தோடு எழுதுங்கள்: "வடசேரி பஸ் ஸ்டாண்டு, இன்ன கடைக்கு எதிர்த் திண்ணை" என்று.

அலுவலர் பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியரோ ஆசிரியரோ ஆக இருப்பார். பெண் என்றால் இரவு 10 மணிக்குத் தனியாக வரச் சொல்வது நியாயமில்லை, நீங்களும் கூடப் போங்கள். மழை பெய்தால் ஆள் இடம் மாறிப் படுத்திருப்பார். வரும் நாளை முன்பே கேட்டு, அன்று அவர் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பார்ட்டி ஆட்களும் ஓட்டுக்காக உதவ வருவார்கள். உதவியை வாங்கலாம், அட்டையை அவர்கள் கையில் கொடுத்து வைக்க விடாதீர்கள்.

முன்பு வேறு ஊரில் பெயர் இருந்தவருக்குப் படிவம் 6 அல்ல, இடமாற்றத்துக்கான படிவம் 8. கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து களியக்காவிளை எல்லை தாண்டி வந்தவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். சந்தேகத்துக்கு 1950 என்ற வாக்காளர் உதவி எண்.

ஆதார் வந்த பிறகு, வராமலே என்ன செய்யலாம்?

வங்கிக் கணக்குக்கு ஆதார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடையாளச் சான்றே இல்லாதவருக்குச் 'சிறு கணக்கு' உண்டு. வங்கி அதிகாரி முன்னால் போட்டோ ஒட்டிக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்தால் திறக்கலாம். ஒரு வருடத்தில் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவும், மாதம் 10,000-க்கு மேல் எடுப்பும், எப்போதும் 50,000-க்கு மேல் இருப்பும் கூடாது. 12 மாதம் செல்லும். அதற்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்த சீட்டைக் காட்டினால் இன்னும் 12 மாதம். கிளையில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பார்கள். மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ரேஷன் கார்டு தெருவில் இருக்கும்வரை கடினம். விசாரணைக்கு வருபவர் அடுப்பைத் தேடுவார். வாடகை அறையோ ஒண்டுக்குடித்தனமோ கிடைத்த பிறகு தனிநபர் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலகத்தில் போடலாம். அதற்கு முன் பழைய குடும்ப அட்டையில் இவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து நீக்கச் சொல்லுங்கள். பெயரை வைத்துக்கொண்டு அரிசி வாங்கும் சொந்தக்காரர் கொஞ்சம் முறுக்குவார்.

60 வயது தாண்டிய ஆதரவற்றவருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாக. உடலூனமோ நீண்டநாள் மனநோயோ உள்ளவருக்கு மாற்றுத்திறனாளி அட்டையை முதலில் எடுங்கள் என்பேன். பலன் அதிகம், மருத்துவச் சான்று ஒன்றே பெரிய ஆதாரம். திருநங்கையருக்கு 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் அடையாளச் சான்று தனி வழி. 

தெருவில் பிறந்த குழந்தை என்றால் மற்றதை நிறுத்திவிட்டுப் பிறப்புச் சான்றைப் பாருங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு அது ஒன்றே சான்று. 21 நாளுக்குள் பதிவு இலவசம். ஒரு வருடம் தாண்டினால் கோட்ட அளவில் உத்தரவு வேண்டும். அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்களுக்கு நாகர்கோவில் கோட்டாட்சியர், மற்ற தாலுகாக்களுக்குப் பத்மநாபபுரம் சார் ஆட்சியர். அப்பா பெயர் சொல்ல விரும்பாத தாயைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

பேச்சு புரியாதவர், தன்னை மறந்தவர்

மொழி தெரியாதவரிடம் சைகையில் பேசி முடிவுக்கு வராதீர்கள். ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் ஒடியா, வங்காளம், அசாமியா பேசும் தொழிலாளிகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிறு மதியம் ஒருவரை அழைத்து வந்தால் ஐந்து நிமிடத்தில் மாவட்டத்தின் பெயர் வரை வந்துவிடும்.

மனநலம் குன்றி அலைபவர் என்றால் அட்டை இரண்டாவது வேலை, சிகிச்சை முதல் வேலை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு இதைப் போலீஸின் கடமையாக்கியிருக்கிறது. பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ஸ்டேஷனில் பிரிவு எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். மருந்து தொடங்கிச் சில வாரத்தில் தன் பெயரும் ஊரும் தானாகச் சொன்னவர்கள் உண்டு. அவர் முகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றவிடுவது மட்டும் வேண்டாம். தெரிந்தவர் கண்ணில் படும் என்பது சரி, யார் கண்ணில் படும் என்பது நம் கையில் இல்லை.

அட்டை கிடைத்த பிறகு

தெருவில் மூன்றே மாதத்தில் அட்டை போய்விடும். மழை, திருட்டு, துப்புரவு வண்டி. அசலை அவரிடமும், நகலை உறையிலிட்டுக் காப்பகத்திலோ அவர் நம்பும் ஒரு கடையிலோ வையுங்கள். எண்ணை மட்டும் சின்னத் துண்டில் எழுதி அவரது சட்டைப்பையில் தைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. எண் தெரிந்தால் மறுபடி எடுப்பது எளிது. நகல் கொடுக்கும் இடமெல்லாம் "இன்ன வேலைக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதித் தேதி போடுங்கள். அவர் பெயரில் சிம் வாங்கவும் கடன் எடுக்கவும் ஆள் காத்திருக்கிறார்கள்.

எங்கே சிக்கினாலும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள். வாயால் சொன்னதற்குப் பதில் வராது, மனு எண்ணுக்கு வரும். அபிடவிட், மேல்முறையீடு, கோட்டாட்சியர் விசாரணை போன்றவற்றுக்கு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். எண் 15100. முதியவர்களுக்கு 14567, குழந்தைகளுக்கு 1098. மனு கொடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.